கிட்டார் குடிக்கும் காற்று

அமெரிக்காவின் கலமசூ நகரில் இருந்த கிப்சன் தொழிற்சாலை 1958 முதல் 1960 வரை தயாரித்த ‘லெஸ் பால் ஸ்டாண்டர்டு’ மின்கிட்டார்களுக்குப் பெரும்பாலும் ஒரே மாதிரிப் பூச்சுதான்: நடுவில் மஞ்சள், ஓரத்துக்குப் போகப்போகச் செர்ரிச் சிவப்பு. இன்று அவற்றில் நான்கைந்தை வரிசையாக வைத்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாததுபோல இருக்கும். ஒன்றில் சிவப்பு அப்படியே இருக்கும். இன்னொன்றில் அது தேன் நிறத்துக்கு இறங்கியிருக்கும். வேறொன்று முழுக்க எலுமிச்சை மஞ்சளாகியிருக்கும். மேல்பக்கத்தைக் கீறலிலிருந்து காக்கும் தகடான பிக்கார்டைக் கழற்றினால்தான், ஒளி படாத அந்த இடத்தில் பழைய நிறத்தின் தடம் தெரியும். அன்று பயன்படுத்திய சிவப்புச் சாயம் ஒளியைத் தாங்காத வகை. கடைச் சன்னலில் காட்சிக்குத் தொங்கிய கிட்டார் வெளுத்தது. கேஸுக்குள் கிடந்தது பிழைத்தது. யார் வாங்கினார், எப்படி வாசித்தார் என்பதெல்லாம் மறந்துபோனாலும், எங்கே வைத்திருந்தார் என்பதைக் கிட்டார் தன் உடம்பில் எழுதி வைத்துக்கொள்கிறது.

ஒரே ஒரு கிட்டார் உள்ள வீட்டில் இந்தப் பேச்சு எழாது. அது சோபாவில் சாய்ந்திருக்கும், இல்லாவிட்டால் கட்டிலில் கிடக்கும். நான்கைந்து சேர்ந்த பிறகுதான் கேள்வி வரும்: சுவரில் அழகாக மாட்டுவதா, கேஸில் போட்டு மூடிவைப்பதா? இதற்குக் கிடைக்கும் பதில்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டவர் எழுதியவை. ‘அறையில் ஈரத்தைக் கூட்டுங்கள்’ என்பதே அவற்றின் முதல் அறிவுரை. சென்னையில் ஒருவர் அதை அப்படியே கடைப்பிடித்தால் கிட்டார் வீணாகும். ஏன் என்று தெரிய வேண்டுமானால், மரமும் காற்றும் ஓயாமல் நடத்தும் கொடுக்கல் வாங்கலைப் பார்க்க வேண்டும்.

மூன்று மில்லிமீட்டர் பலகை

இன்றைய கிளாசிக்கல் கிட்டாருக்கு வடிவம் கொடுத்தவர் ஸ்பெயினின் அன்டோனியோ தே டோரஸ். 1862இல் அவர் விசித்திரமான கிட்டார் ஒன்றைச் செய்தார். அதன் முதுகும் பக்கங்களும் காகித அட்டை. மேல்பலகை மட்டும் நல்ல ஸ்ப்ரூஸ் மரம். கிட்டாரின் குரல் மேல்பலகையில்தான் இருக்கிறது என்று காட்டுவதற்காகச் செய்தது அது. இப்போது பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தக் குரலுக்காக மேல்பலகையை மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவாக இழைக்கிறார்கள். எஃகுத் தந்தி கிட்டாரில் ஆறு தந்திகளும் சேர்ந்து, மேல்பலகையில் அவற்றைப் பிடித்திருக்கும் பிரிட்ஜை இழுக்கும் விசையோ ஏறத்தாழ 70 கிலோ. வளர்ந்த ஓர் ஆளின் எடையை அந்த மெல்லிய பலகை இரவும் பகலும் தாங்கி நிற்கிறது. தடிமனைக் கூட்டினால் பலம் வரும், குரல் போய்விடும். அதனால் பலகையின் அடியில் பிரேஸ் எனப்படும் மெல்லிய சட்டங்களை ஒட்டிப் பலம் கொடுக்கிறார்கள். இந்தக் கட்டுமானத்தில்தான் ஈரம் தன் வேலையைக் காட்டுகிறது.

வெட்டி, அறுத்து, உலர்த்திய மரத்திலும் நீர் இருக்கும். மரத்தின் செல் சுவர்களில் உள்ள செல்லுலோஸ் இழைகள் காற்றிலிருந்து நீர் மூலக்கூறுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்று உலர்ந்தால் திருப்பி விட்டுவிடும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் மரத்தில் அதன் உலர் எடையில் சுமார் 9 சதவீதம் நீர் நிற்கும். ஈரப்பதம் 80க்கு ஏறினால் நீரும் 16 சதவீதம் ஆகும். 30க்கு இறங்கினால் 6.

உள்ளே வரும் நீர் இழைகளுக்கு இடையே புகுந்து அவற்றை விலக்குவதால் பலகை அகலத்தில் பெருக்கும். நீளம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். மழைக்காலத்தில் மரக்கதவு நிலையின் பக்கவாட்டில் இறுகுவதும் இதனால்தான். 40 சென்டிமீட்டர் அகலமுள்ள ஸ்ப்ரூஸ் பலகையை எதிலும் ஒட்டாமல் விட்டால், ஈரப்பதம் 50இலிருந்து 80க்குப் போகும்போது சுமார் 4 மில்லிமீட்டர் விரியும். 50இலிருந்து 30க்கு வந்தால் 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கும்.

கிட்டாரில் அந்தப் பலகைக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. ஓரங்கள் பக்கப்பலகைகளோடு ஒட்டியிருக்கின்றன. பிரேஸ்கள் பலவும் பிரிட்ஜும் மேல்பலகையின் நார்வாக்குக்குக் குறுக்காக ஒட்டப்பட்டவை. அவை தம் நீளத்தில் நீளவோ குறையவோ மாட்டா. ஆகவே பக்கவாட்டில் விரிய வழியில்லாத பலகை மேல்நோக்கிப் புடைக்கிறது. பிரிட்ஜ் எழும்பும், தந்தி உயரும், விரல் வலிக்கும். நீர் ஏறிய மரம் கனத்து அதிர்வை விழுங்குவதால் ஒலியும் மந்தமாகும். காற்று உலர்ந்தால் நேரெதிர்: பலகை உள்வாங்கும், தந்தி தாழ்ந்து, விரல்பலகையில் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளில் உரசி இரையும். விரல்பலகையும் சுருங்குவதால் ஃப்ரெட் கம்பிகளின் நுனி வெளியே நீட்டிக்கொண்டு கையைக் கீறும். அதற்கும் மேல் உலர்ந்தால் பலகை நார்வாக்கில் வெடிக்கும். புடைத்த பலகை பெரும்பாலும் மெல்லத் தணிந்துவிடும். வெடித்த பலகை தானாக ஒட்டாது. குளிர்நாட்டவர் வறட்சிக்கு நடுங்குவதன் காரணம் இது.

பென்சில்வேனியாவின் குளிரும் சென்னையின் ஏசியும்

வெளியே மைனஸ் 10 டிகிரி குளிரில் உள்ள காற்று, 80 சதவீத ஈரப்பதத்தோடு இருந்தாலும், உண்மையில் அதில் உள்ள நீர் மிகக் கொஞ்சம். அதே காற்று வீட்டுக்குள் வந்து ஹீட்டரில் 21 டிகிரிக்குச் சூடேறினால், அதன் நீர் தாங்கும் திறன் பல மடங்கு பெருகுகிறது; நீரோ கூடவில்லை. ஒப்பு ஈரப்பதம் 10 சதவீதத்துக்கும் கீழே விழுகிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் நாசரேத்தில் இயங்கும் மார்ட்டின் போன்ற கிட்டார் நிறுவனங்கள் 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்தில் கிட்டாரை வைக்கச் சொல்வதும், அங்குள்ளவர்கள் பனிக்காலத்தில் ஒலித்துளைக்குள் ஈரப்பஞ்சு தொங்கவிடுவதும் இந்தக் கணக்கால்தான்.

சென்னையில் 70, 80 சதவீதம் என்பது அன்றாடம்; வடகிழக்குப் பருவமழையில் இன்னும் ஏறும். இங்கே பஞ்சைத் தொங்கவிடுவது வெள்ளத்தில் நிற்பவனுக்குத் தண்ணீர் கொடுப்பது. அதே சமயம், கோடைப் பிற்பகலில் மதுரையிலோ திருச்சியிலோ 40க்கும் கீழே இறங்கும் நாள்கள் உண்டு. ஒரே மாநிலத்துக்குள்ளேயே ஒரே அறிவுரை செல்லாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பிரேசில் ரோஸ்வுட் அருகிப்போனதால், மார்ட்டின் நிறுவனம் 1969இல் தன் வழக்கமான கிட்டார்களின் முதுகுக்கும் பக்கங்களுக்கும் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம். அதை வெட்டுவதைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாட்டில் 1994இல் தனிச்சட்டமே வந்தது. தென்மேற்குப் பருவமழையில் நனைந்து வளர்ந்த மரம் கடல்கடந்து போய், உலர்ந்து, அளவான ஈரப்பதத்தில் வளைத்து ஒட்டப்படுகிறது. பிறகு கிட்டாராகச் சென்னைக்குத் திரும்பினால், பிறந்த மண்ணின் காற்றே அதற்கு ஒத்துக்கொள்வதில்லை. ஏனென்றால் கிட்டாருக்குக் கணக்கு, மரம் வளர்ந்த இடத்தின் ஈரம் இல்லை. பாகங்களை ஒட்டிய நாளில் பட்டறையில் இருந்த ஈரம். அந்த அளவிலிருந்து காற்று எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு இறுக்கம் ஒவ்வொரு மூட்டிலும் ஏறுகிறது.

ஏசி நல்லதா கெட்டதா என்பதும் இங்கே விளங்கும். ஏசியின் குளிர்ந்த சுருளில் பட்ட நீராவி நீராகிக் குழாய்வழியே வெளியேறுவதால் அறை உலர்கிறது. 50, 55 சதவீதம் கிடைத்துவிடும். சிக்கல் காலையில் அதை நிறுத்தும்போது தொடங்குகிறது. இரவெல்லாம் 50, பகலெல்லாம் 75 என்றால் மேல்பலகை நாள்தோறும் விடுவதும் வாங்குவதுமாக இருக்கும். வெளிப்புறத்தில் பளபளக்கும் பூச்சு அந்தப் போக்குவரத்தைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. உட்புறத்திலோ பூச்சே கிடையாது. ஒலித்துளை வழியே வரும் காற்றை வெறும் மரம் நேராகக் குடிக்கிறது. அதனால் நிலையான 60 சதவீதம், 45க்கும் 75க்கும் இடையே ஊசலாடுவதைவிட நல்லது. ஏசி அறையிலிருந்து கிட்டாரை வெளியே எடுத்துப் போகும்போது கேஸை உடனே திறக்காமல் இருப்பதும் நல்லது. வெளிக்காற்று குளிர்ந்த தந்திகளிலும் பூச்சிலும் பட்டு முத்துமுத்தாக வியர்த்துவிடும்.

சமையலறை உப்பு தரும் சான்றிதழ்

அறையின் ஈரப்பதத்தை உடம்பை வைத்து மதிப்பிட முடியாது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஹைக்ரோமீட்டர் என்னும் ஈரப்பதமானி போதும். ஆனால் மலிவான கருவிகள் ஐந்து, பத்து சதவீதம் தவறாகக் காட்டுவது சகஜம். சரிபார்க்க ஆய்வகம் தேவையில்லை. ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் ஈரக்குழம்பாகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மூடியையும் ஹைக்ரோமீட்டரையும் காற்றுப்புகாத டப்பாவில் வைத்து மூடி ஓர் இரவு விடுங்கள். காலையில் அது 75 காட்ட வேண்டும். 70 காட்டினால், உங்கள் கருவி ஐந்து குறைத்துச் சொல்கிறது.

உப்பு ஏன் இப்படி 75இல் பிடிவாதமாக நிற்கிறது? தெவிட்டிய உப்புக் கரைசலில் நீர் மூலக்கூறுகள் பலவற்றை உப்பின் அயனிகள் தம் பக்கம் இழுத்துக்கொள்வதால் காற்றுக்குத் தப்பிப் போவது குறைகிறது. டப்பாவின் காற்று 75ஐத் தாண்டினால் கரைசல் நீரை வாங்கும், குறைந்தால் விடும். ஒவ்வோர் உப்புக்கும் ஓர் எண் உண்டு: மெக்னீசியம் குளோரைடுக்கு 33, பொட்டாசியம் கார்பனேட்டுக்கு 43. கிட்டார் கடைகளில் 49 என்று அச்சிட்டு விற்கும் ஈரப்பதப் பொட்டலங்களும் இதே தத்துவத்தில் இயங்குபவை. அவை இரு திசையிலும் வேலை செய்யும். சிலிக்கா ஜெல் பைகள் பெரும்பாலும் உறிஞ்ச மட்டுமே உதவும், நிறைந்ததும் நின்றுவிடும்.

கேஸுக்குள் யார் ஆட்சி?

இப்போது பழைய கேள்விக்கு வரலாம். இரண்டு கிலோ எடையுள்ள மரக்கிட்டாருக்குள் 50 சதவீத ஈரப்பதத்தில் சுமார் 150 கிராம் நீர் இருக்கும். அது கிடக்கும் கேஸில் உள்ள காற்று 100 லிட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் அதில் உள்ள நீராவி ஒரு கிராம் அளவுதான். மூடிய கேஸில் காற்று உலர்ந்தாலும் நனைந்தாலும், மரம் துளி கொடுத்தோ வாங்கியோ அதைச் சரிசெய்துவிடும். மரத்துக்கு அது பொருட்டே இல்லை. பத்துக்குப் பத்து அறையில் கதை வேறு. அங்கே 300 கிராமுக்கு மேல் நீராவி இருக்கும். சன்னல் திறந்திருந்தால் அது ஓயாமல் மாறிக்கொண்டும் இருக்கும். கேஸுக்குள் கிட்டார் காற்றை ஆள்கிறது. சுவரில் காற்று கிட்டாரை ஆள்கிறது. ஒரு பொட்டலத்தையும் போட்டு நல்ல ஹார்ட் கேஸை மூடிவிட்டால் ஏசி ஓடினாலும் நின்றாலும் உள்ளே பெரிதாகத் தெரியாது. கண்ணாடிக் கதவு இறுக்கமாக மூடும் அலமாரி இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது. பார்க்கவும் முடியும், காற்றையும் கட்டுப்படுத்தலாம்.

அப்படியானால் எல்லாவற்றையும் மூடிவைப்பதுதானே என்றால், மூடலுக்கும் ஆபத்து உண்டு. 1930 முதல் 1950கள் வரை வந்த மேல்பலகை வளைந்த பல ஆர்ச்டாப் கிட்டார்களின் பிக்கார்டு, நைட்ரோசெல்லுலோஸால் ஆன செல்லுலாய்டு. பழைய சினிமாச் சுருள்களும் இதே நைட்ரோசெல்லுலோஸ்தான். அவை மட்கி அழிந்த கதை தெரிந்ததே. வயதாகும்போது செல்லுலாய்டு நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை விடும். காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அவை அமிலமாகும். தந்தி அறும், உலோகப் பாகங்கள் பச்சை பூக்கும், அடியில் உள்ள மரமும் கெடும். வாயு வெளியேற வழியில்லாவிட்டால் அது செல்லுலாய்டின் அழிவையே இன்னும் துரிதப்படுத்தும். இத்தகைய கிட்டாருக்கு மூடிய கேஸ் கெடுதல்; பிக்கார்டைக் கழற்றித் தனியே வைப்பது உத்தமம். ஈரக்காலத்தில் மூடிய கேஸுக்கு இன்னொரு பகை பூஞ்சை. 70 சதவீதத்துக்கு மேல் காற்று அசையாமல் நின்றால் வெல்வெட் துணியில் அது பிடித்துவிடும். முன்பே 80 சதவீதத்தில் ஊறிய கிட்டாரை கேஸில் வைத்தால், அது தன் ஈரத்தைத்தான் உள்ளேயும் பரப்பும். முதலில் உலர்ந்த அறையில் சில நாள் ஆறவிட்டுப் பிறகு மூட வேண்டும்.

கேஸை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். மே 2010இல் கம்பர்லாந்து ஆறு பெருக்கெடுத்து அமெரிக்காவின் நாஷ்வில் நகரம் மூழ்கியபோது, ஆற்றோரத்தில் இருந்த சவுண்ட்செக் என்னும் கிடங்குக்குள் வெள்ளம் புகுந்தது. பிராட் பெய்ஸ்லி, கீத் அர்பன், வின்ஸ் கில் போன்ற பல இசைக்கலைஞர்களின் கருவிகள் அங்கே இருந்தன. வெள்ளம் கண்ட நகரங்களில் கேஸைத் தரையிலோ கட்டிலுக்கு அடியிலோ வைக்காமல் இடுப்பளவு உயரத்தில் வைப்பது அறிவுடைமை. தப்பித்தவறி நனைந்தால் வெயிலில் போடக் கூடாது. மேற்பரப்பு முந்திக் காய்ந்து சுருங்க, உள்ளே இன்னும் ஈரம் இருக்க, அந்த இழுபறியில் மரம் வெடிக்கும். நிழலில், நாள்கணக்கில், மெதுவாக உலரவிட வேண்டும்.

சுவருக்கான நியாயங்கள்

கழுத்தைப் பிடித்துத் தொங்கவிட்டால் கழுத்து நீண்டுவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. கிட்டாரின் எடை இரண்டு முதல் நான்கு கிலோ. அதே கழுத்தைத் தந்திகள் 50, 70 கிலோ விசையில் எந்நேரமும் இழுக்கின்றன. தொங்கும் எடை அதில் ஒரு சிறு பங்குதான். பயப்பட வேண்டியது சுவரைப் பார்த்து: பூச்சு மட்டும் பிடித்திருக்கும் ஆணி போதாது, செங்கல் வரை துளைத்து, பிளக் அடித்து, ஸ்க்ரூ முடுக்க வேண்டும். மேற்கு வெயில் காயும் வெளிச்சுவரைத் தவிர்க்கலாம். ஏசி காற்று நேராக அடிக்கும் இடமும் வேண்டாம். ஹேங்கரில் கிட்டார் படும் ரப்பரையும் கவனிக்க வேண்டும். பழைய பாணி நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுள்ள கிட்டாரில், ரப்பரை மென்மையாக்கும் வேதிப்பொருள் பூச்சுக்குள் ஊடுருவி அதைக் கரைத்துக் கறையாக்கும். பருத்தித் துணியைச் சுற்றினால் தீர்ந்தது.

ஒளியைப் பொறுத்தவரை சேதம் என்பது வெளிச்சத்தின் அளவையும் நேரத்தையும் பெருக்கிய கணக்கு. எளிதில் வெளுக்கும் பொருள்களுக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் விடுவதில்லை. நேர்வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். ஒரு மணி நேர வெயிலும், 50 லக்ஸில் 2,000 மணி நேரமும் சமம். சன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும். புற ஊதா கலக்காத எல்.இ.டி. விளக்கை, பார்க்கும் நேரத்தில் மட்டும் போட்டுக்கொண்டால் நிறம் நீண்ட நாள் நிற்கும்.

இத்தனை தொல்லைக்கும் சுவர் ஒரு கைம்மாறு தருகிறது. ஒரு கிட்டாரின் ஆறாம் தந்தியை மீட்டினால் அது நொடிக்கு 82.4 முறை அதிர்கிறது. கூடவே அதன் மும்மடங்கான 247 அதிர்வுகளும் எழும். எதிர்ச்சுவரில் சுருதி சேர்த்துத் தொங்கும் கிட்டாரின் இரண்டாம் தந்தியின் இயல்பான அதிர்வெண்ணும் 247தான். யாரும் தொடாமலே அது மெல்லப் பாடும். அறையில் பேசும் குரலுக்கும் சில தந்திகள் பதில் சொல்லும். ஈரத்தையும் அமில வாயுவையும் சுமந்து வரும் அதே காற்றுதான் இதையும் சுமந்து வருகிறது.

எதை எங்கே?

அழுத்தமான பாலியூரித்தேன் பூச்சுள்ள மின்கிட்டார்கள் சுவருக்கு ஏற்றவை. அவற்றின் ஒலி, தந்தியின் அதிர்வை மின்குறியாக மாற்றும் பிக்கப்பிலிருந்து வருகிறது, உடலும் தடித்த கட்டை. பிளைவுட்டில் செய்த மலிவு அக்கூஸ்டிக் கிட்டாரையும் துணிந்து மாட்டலாம். அடுக்குகளின் நார் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் ஒன்றை ஒன்று அசையவிடாது. முழுக்கத் திடமரத்தில் செய்த விலையுயர்ந்த அக்கூஸ்டிக்குக்குத்தான் கேஸ் தேவை. விலை கூடக் கூடக் கிட்டாருக்குத் தோல் மெலிகிறது. நைட்ரோ பூச்சோ செல்லுலாய்டோ உள்ள பழங்கருவிகளை கேஸில் வைத்தால் அடிக்கடி திறந்து காற்றாட விடுவது நல்லது. மாதக்கணக்கில் தொடப்போவதில்லை என்றால் தந்திகளை அரைச் சுருதியோ ஒரு சுருதியோ இறக்கினால் போதும். முற்றாகத் தளர்த்தினால், தந்தியின் இழுப்புக்கு எதிராகக் கழுத்துக்குள் முடுக்கி வைத்த ட்ரஸ் ராட் என்னும் கம்பி அதைப் பின்னோக்கி வளைக்கும்.

பணம் செலவழிக்கும் வரிசையும் இதிலிருந்து கிடைக்கிறது: முதலில் ஹைக்ரோமீட்டர், அடுத்து டிஹியூமிடிஃபையரோ பொட்டலங்களோ, அதற்குப் பிறகுதான் ஹேங்கரும் விளக்கும். ஆனால் எந்தக் கருவியைவிடவும் சீக்கிரம் எச்சரிப்பது வாசிப்பவரின் கைதான். தந்தி அரை மில்லிமீட்டர் உயர்ந்தாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். ஃப்ரெட் நுனி நீட்டினால் உள்ளங்கை சொல்லிவிடும். வாரத்துக்கு ஒருமுறையாவது ஒவ்வொன்றையும் எடுத்து ஒரு பாட்டு வாசித்து வைப்பவர், தெரிந்தோ தெரியாமலோ, தன் சேகரிப்பு முழுவதையும் பரிசோதித்துவிடுகிறார். அப்படி எடுக்க முடியாத அளவுக்குக் கிட்டார்கள் சேர்ந்துவிட்டால், இன்னோர் ஆணி அடிப்பதற்கு முன் அவற்றில் ஒன்றை, வாசிக்கக் கற்றுக்கொள்ளும் பிள்ளை ஒருவரிடம் கொடுத்துவிடலாம்.